கழித்தவை இருபத்து மூன்று

அன்று பட்டறையில் இருந்தவர்கள் ஆறு பேர். எஞ்சினியரின் மகள் ஹேமலதா ஒன்று. கல்லூரி ஆய்வகத்திலிருந்து வந்த திவாகர் இரண்டு. சாமான் தூக்க வந்தவர்கள் இரண்டு பேர், அவர்கள் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை, அது என் தப்பு, ஆக நான்கு. மஞ்சள் வண்டி ஓட்டி வந்தவர் ஐந்து. வாசலில் நோட்டோடு நின்ற நான் ஆறு. எஞ்சினியர் இல்லை. அவர் காலமாகி அன்றைக்கு ஒரு வருடமும் பதினொரு நாளும் ஆகியிருந்தது.

நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்று கேட்டீர்கள். நான் வேறெதையோ சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. எனக்குப் புது ஆட்களிடம் பேசிப் பழக்கமில்லை. வரிசையாகச் சொன்னால்தான் வரும். நாற்காலி வேண்டாம், இந்த முக்காலி போதும்.

உங்கள் பெயர் தமயந்தி. அப்போது ஊர் பவானி, வயது பத்தொன்பது. இப்போது ஈரோடு, வயது ஐம்பத்து மூன்று. எல்லாம் நோட்டில் இருக்கிறது. நீங்கள் கதவைத் திறந்ததும் நான் பேசாமல் நின்றேனே, அது மரியாதைக் குறைவு இல்லை. எனக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. உங்கள் வீட்டில் மின்விசிறி ஓடுகிறது, கீழே ரோட்டில் பஸ் போகிறது, இருந்தாலும் எனக்குக் கேட்கும். டிக், டிக். இடது காது மந்தம். வலது காதுக்கு அந்த ஒரு சத்தம் மட்டும் எங்கே இருந்தாலும் தெரியும். ஒன்பது வருடம் அதைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

என் பெயர் வெள்ளியங்கிரி. படிப்பு ஆறாம் வகுப்பு. உங்கள் நெஞ்சில் இருக்கிற வால்வைச் செய்தவர் எஞ்சினியர் சபேசன். ஆஸ்பத்திரியில் உங்களுக்கு அந்தப் பெயரைச் சொல்லியிருக்கமாட்டார்கள். யாருக்கும் சொல்லவில்லை. நான் அவரிடம் வேலை பார்த்தேன். செய்வதில் எனக்குப் பங்கு கிடையாது. நான் எண்ணினேன், அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் அவர் கோயமுத்தூரில் பம்புக்கு ஃபுட் வால்வு செய்துகொண்டிருந்தார். கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்குமே, அதுதான். அவருடைய தங்கை ஒருத்தி சின்ன வயதில் காய்ச்சல் வந்து இதயத்து வால்வு கெட்டுப்போய் இறந்துவிட்டாள். வெளிநாட்டு வால்வு வாங்க அவர்களால் ஆகவில்லை. ஒருநாள் என்னிடம் சொன்னார்: "வெள்ளியங்கிரி, மோட்டாரை நிறுத்தினா தண்ணி கிணத்துக்குத் திரும்பிப் போகாம நிக்கறதா இல்லையா? ரத்தமும் அப்படித்தான் நிக்கணும். அவ்வளவுதான்யா விஷயம்." அந்த 'அவ்வளவுதான்' ஆறு வருடம் எடுத்தது.

வால்வு தயாரானதும் கண்ணாடித் தொட்டியில் மாட்டுவோம். மோட்டார் தண்ணீரைத் தள்ளும், வால்வு திறந்து மூடும். நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. அதை எண்ண ஒரு மீட்டர் உண்டு. அந்த மீட்டரில் ஐந்து இலக்கம்தான். தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆனதும் பூஜ்யத்துக்குப் போய்விடும். பூஜ்யம் எத்தனை தடவை வந்தது என்று யாராவது பார்த்து எழுத வேண்டும். அதற்குத்தான் என்னை வைத்தார். ஒவ்வொரு வால்வும் பத்து லட்சம் தடவை திறந்து மூட வேண்டும். அது அவர் வைத்த விதி. ஒன்பது நாளும் சொச்சமும் ஆகும். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகும்.

மொத்தம் செய்தது தொண்ணூற்றாறு. தொட்டியில் உடைந்தவை பத்தொன்பது. அவற்றை அவரே சுத்தியலால் நொறுக்கிவிடுவார், வேறு யாரையும் தொட விடமாட்டார். பத்து லட்சம் முடிக்காமல் நின்றவை பதினான்கு. முடித்தவை அறுபத்து மூன்று.

அலமாரியில் மூன்று தட்டு. மூன்றிலும் நானே எழுதி ஒட்டினேன். முதல் தட்டு 'இருப்பு', இன்னும் எண்ணி முடியாதவை. இரண்டாவது தட்டு 'கழித்தவை', எண்ணி முடித்து, இருப்பிலிருந்து கழித்துத் தனியே வைத்தவை. மூன்றாவது 'தேறாதவை'. அது எப்போதும் காலியாகத்தான் இருக்கும், அவர்தான் நொறுக்கிவிடுவாரே.

ஒரு தடவை எஞ்சினியர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கழித்தவைன்னு எழுதாதய்யா. டாக்டர் யாராவது பாத்தா பயந்துருவா. தேறியவைன்னு எழுது."

"தேறுச்சுன்னு சொல்றதுக்கு நான் யாருங்க? கணக்குல இருந்து கழிச்சிருக்கறனுங்க. எனக்குத் தெரிஞ்சது அதுதானுங்க" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். அவர் ஒப்புக்கொண்டார் என்றுதானே அதற்கு அர்த்தம்?

பிறகு வெளிநாட்டு வால்வு மலிவாக வர ஆரம்பித்தது, ஆஸ்பத்திரியில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கடைசியாகச் செய்த சிலவற்றில், வால்வுக்குள் திறந்து மூடுகிற சின்னத் தட்டுக்கு வேறு பிளாஸ்டிக் வந்திருந்தது. எஞ்சினியருக்கு அதன்மேல் சந்தேகம். எண்ணக்கூட வேண்டாம் என்று இருப்பிலேயே விட்டுவிட்டார். பட்டறையைப் பூட்டினோம். நான் வாரம் ஒருநாள் போய் அலமாரியைத் துடைத்து, எண்ணிப் பார்த்துவிட்டு வருவேன். இருப்பு பதின்மூன்று. கழித்தவை இருபத்து மூன்று. இருபத்தொன்பது வருடம் ஒரு தடவைகூடக் குறையவில்லை.

அவர் காலமான பிறகு ஒரு கல்லூரியில் அவருக்கு நினைவு அறை வைக்கிறோம் என்றார்கள். கண்ணாடிப் பெட்டியில் வால்வு, பக்கத்தில் அவர் படம். ஹேமலதா அழுதுவிட்டது. "அண்ணா, அப்பா பேர் நின்னுடுத்துண்ணா" என்றது. எனக்கும் மனசு நிறைந்துவிட்டது. சாமான் எடுக்க வந்த நாளில்தான் நாங்கள் ஆறு பேர்.

நான் வாசலில் நின்று போகிற ஒவ்வொன்றையும் எழுதினேன். இருப்புத் தட்டில் இருந்த பதின்மூன்றைப் பஞ்சு வைத்துப் பெட்டியில் எடுத்தார்கள். கழித்தவையை மஞ்சள் பையில் போட்டார்கள். நல்ல கனமான பை அம்மா. வாயை முறுக்கி இரண்டு கட்டுப் போட்டார்கள். அதைவிட இது பத்திரம் என்று நினைத்தேன். திவாகர் என் லேபிளைச் சத்தமாகப் படித்தார். "கழித்தவை இருபத்து மூணு. சரிங்களா ஐயா?"

நான் பையைப் பிரிக்கச் சொல்லி ஒருமுறை எண்ணினேன். "சரிங்க" என்றேன். ஒரு தாளை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். பெட்டி லாரியில் ஏறியது, பை மஞ்சள் வண்டியில் ஏறியது. கவனமான சாமானுக்குத் தனி வண்டி என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து அறையைப் பார்க்க வரச் சொன்னார்கள். போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வால்வு. ஓரத்தில் பொடி எழுத்தில் நம்பர். குனிந்து பார்க்கிறேன், எண்பத்தெட்டு. எண்பத்தெட்டு இருப்பில் இருந்தது. எண்ணாதது. எஞ்சினியர் சந்தேகப்பட்டது.

"இது எப்படிங்க இங்க வந்துது? கழிச்சது எங்கீங்க?" என்று கேட்டேன்.

"கழிச்சதுதானுங்க ஐயா, கழிச்சாச்சு" என்றார் திவாகர்.

"கழிச்சாச்சுன்னா?"

"ஆஸ்பத்திரிக் கழிவு வண்டியில போயிருச்சுங்க. உடம்புக்குள்ள வெக்கற சாமான் பாருங்க, குப்பையில போடக்கூடாது. நீங்கதானே எண்ணிக் குடுத்துக் கையெழுத்துப் போட்டீங்க?"

எரித்துவிட்டார்கள் அம்மா. மஞ்சள் பை என்றால் உலைக்குப் போகிற பை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் அந்த இடத்துக்கும் போனேன். சாம்பலைச் சலித்துப் பார்க்க விடுவீர்களா என்று கேட்டேன். அங்கே இருந்தவர் நல்ல மாதிரி. "பெரியவரே, ஒரு நாளைக்கு எத்தனை வண்டி வருது தெரியுங்களா? மூணு மாசத்துச் சாம்பல்ல எதைத் தேடுவீங்க?" என்றார். குழியைக் காட்டினார். இரண்டு நாள் குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் உள்ளே விடவில்லை.

நான் கேட்கிறேன், கழித்தது வேறு, கழிவு வேறு இல்லையா? இரண்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதுதானே? பத்திலிருந்து மூன்றைக் கழித்தால் அந்த மூன்று என்ன குப்பையா? குப்பை என்றால் நான் அவ்வளவு அழகாக எழுதி, மேலே தாள் ஒட்டி வைப்பேனா? கல்லூரியில் இருக்கிறவர்கள், தமிழ் படிக்கத் தெரியவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தது. இருபத்து மூன்று போனது, இருபத்து மூன்று என்று எழுதினேன். என் பக்கம் பிழை இல்லை. ஹேமலதாகூட என்னைக் குற்றம் சொல்லவில்லை. "போதும்ண்ணா, விட்டுடுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது. இப்போது நான் கூப்பிட்டால் போன் எடுப்பதில்லை. டீச்சர் வேலை, பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அறையைப் பார்க்க ஒரு பெரிய டாக்டர் வந்திருக்கிறார். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "விளிம்புல விரிசல் இருக்கே, இதையா ஆள்களுக்கு வெச்சாங்க?" என்று கேட்டிருக்கிறார். உடனே பெட்டிக்குக் கீழே பலகையை மாற்றிவிட்டார்கள். முதலில் 'உயிர் காத்த வால்வு' என்று இருந்தது. இப்போது 'ஆரம்பகால முயற்சி. வெற்றி பெறவில்லை' என்று இருக்கிறது. மேலே எஞ்சினியர் படம். அவர் சிரித்துக்கொண்டிருக்கிற படம்.

மே ஒன்றாம் தேதி திறப்பு. இன்றைக்கு ஏப்ரல் பன்னிரண்டு. பத்தொன்பது நாள் இருக்கிறது.

நான் கல்லூரி முதல்வரிடம் போய் நின்றேன். எனக்கு அந்த மாதிரி இடத்தில் பேச வராது. முன்னாலேயே எழுதி வைத்துப் படித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "எண்ணி முடிச்ச வால்வு ஒண்ணாவது கொண்டுவாங்க, பலகையை மாத்திடலாம்" என்றார். ஒன்றுகூட இல்லையே என்றேன். "அப்ப எதை நம்பி மாத்தறது?" என்றார். நியாயம்தான். பிறகுதான் எனக்குத் தோன்றியது. இருக்கிறதே. அலமாரியில் இல்லை. ஆட்களிடம் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போனது மொத்தம் நாற்பத்தொன்று. நாற்பத்தொரு பேருக்கும் முகவரி என்னிடம் உண்டு. யாருக்குப் போயிற்று என்று எழுதாமல் நான் எதையும் வெளியே அனுப்பியதில்லை. நாற்பத்தொரு கடிதம் போட்டேன். முகவரியில் ஆள் இல்லை என்று ஒன்பது திரும்பியது. இறந்துவிட்டார்கள் என்று இருபத்தாறு. பிறகு வேறு வால்வு மாற்றிக்கொண்டவர்கள் இரண்டு. அந்தப் பழையதை யாரும் எடுத்து வைக்கவில்லை. மீதி நான்கு பேர். கோபியில் ராமாத்தாள், பொள்ளாச்சியில் தெய்வசிகாமணி, நீங்கள், தாராபுரத்தில் முத்துவேலப்பன்.

ராமாத்தாள் அம்மா வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்டார். "நான் செத்தா எடுத்துக்குவீங்களா? சரி, எப்பச் சாவேன்னும் நீங்களே எழுதி வெச்சிருப்பீங்களே, அதையுஞ் சொல்லீட்டுப் போங்க" என்றார். நான் அது எழுதவில்லை என்றேன். போகச் சொல்லிவிட்டார்.

பொள்ளாச்சிக்குப் போனேன். தெரு முனையிலேயே பந்தல். தெய்வசிகாமணி அன்று காலையில்தான் போயிருக்கிறார். நான் திரும்பியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கும் கால் திரும்பத்தான் பார்த்தது. ஆனால் பத்தொன்பது நாள் அம்மா, அன்றைக்கு இருபத்தாறு நாள். ஒரு மணி நேரம் பந்தலில் உட்கார்ந்திருந்தேன். பிறகு பெரிய மகனிடம் போனேன்.

"யாருங்க, அப்பாவுக்கு வேண்டியவங்களா?"

"அப்பா நெஞ்சுல இருக்கறது எங்க எஞ்சினியர் செஞ்சதுங்க. நம்பர் முப்பத்து மூணு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா அரை மணி நேரத்துல எடுத்துருவாங்க. தைச்சுத் தந்துருவாங்க. வெளிய தெரியாதுங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என் சட்டையைப் பிடித்துவிட்டார். பின்னால் யாரோ மாமன்காரர் சொன்னார்: "விடு மாப்ள. பெரியவரே, அவரு பல்செட்டும் கண்ணாடியும்கூட உள்ள இருக்குது. அதுக்கும் நம்பர் வெச்சிருக்கறீங்களா?" நாலைந்து பேர் சாவு வீட்டில் சிரித்துவிட்டார்கள். எனக்கு அது ஒன்றும் வருத்தமில்லை. வாசலில் வைத்திருந்த செருப்பை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். மின்தகன மேடை. அந்தச் சூட்டுக்கு வால்வின் உலோக வளையம் தாங்கியிருக்கும், பிளாஸ்டிக் தட்டு தாங்காது. மறுநாள் கேட்கப் போகலாம் என்று நினைத்தேன். போகவில்லை.

காப்பியா? வேண்டாம் அம்மா. சரி, கொடுங்கள், சர்க்கரை இல்லாமல்.

இந்தத் தாளில் இரண்டே வரிதான். "என் இதயத்தில் உள்ள வால்வு எண் ஐம்பத்தெட்டு, எஞ்சினியர் சபேசன் செய்தது. என் காலத்துக்குப் பிறகு அதை நினைவு அறைக்குக் கொடுக்கச் சம்மதிக்கிறேன்." கையெழுத்து, தேதி. அவ்வளவுதான். இதைக் கொண்டுபோய்க் காட்டினால் பார்க்கலாம் என்று முதல்வர் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு நூறு வயது இருக்கட்டும். எனக்கு எழுபத்தெட்டு. நான் அதைப் பார்க்கப் போவதில்லை. பலகை மாறினால் போதும்.

ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் கையெழுத்து வாங்கினால் அது சரியாக இருக்காது. உங்களுடையது கழித்தவையிலிருந்து போனதில்லை. இருப்பிலிருந்து போனது. மீதி நாற்பதும் பத்து லட்சம் முடித்தவை. உங்களுடையது ஒன்றுதான் முடிக்காதது.

அன்றைக்குப் பிப்ரவரி பத்து, வெள்ளிக்கிழமை. விடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து போன். உங்கள் அளவில் கழித்தவை எதுவும் இல்லை. தொட்டியில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தனை ஆச்சு?" என்று கேட்டார் எஞ்சினியர்.

"ஆறு லட்சத்துப் பன்னண்டாயிரமுங்க."

"எடு."

"இன்னும் மூணே முக்கால் நாள் இருக்குதுங்க."

"அந்தப் பொண்ணுக்கு இல்லய்யா" என்றார்.

நான் எடுக்கவில்லை. அவரிடம் வேலை பார்த்த காலத்தில் அவர் சொல்லி நான் செய்யாதது அது ஒன்றுதான். மோட்டாரை அவரே நிறுத்தினார், அவரே எடுத்துத் துடைத்தார். மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரம் குறைவு. நான் நோட்டில் அப்படியே எழுதினேன், அவர் முன்னாலேயே. இதோ பாருங்கள், ஐம்பத்தெட்டு, சிவப்பு மை. அதற்கு அடுத்த நான்கு நாளும் நான் மணியைப் பார்த்துப் பெருக்கிக்கொண்டே இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் ஆஸ்பத்திரி வாசல் வரை போனேன். உள்ளே போய்க் கேட்கக் கூச்சம். திரும்பிவிட்டேன். ஆள் போய்விட்டதாகத் தகவல் வரவில்லை. ஆகவே ஓடுகிறது என்று வைத்துக்கொண்டேன்.

உங்களுக்கு இப்போது நிமிடத்துக்குத் தொண்ணூற்றெட்டு. நான் வந்தபோது எழுபத்தாறு. காப்பி போட உள்ளே போய் வந்தீர்கள், அதனால் இருக்கும். உட்காருங்கள்.

இதை யாரும் சொல்லவில்லையே என்கிறீர்கள், யாரும் கேட்கவில்லை அம்மா. கேட்டிருந்தால் நோட்டைக் காட்டியிருப்பேன்.

முழுதும் கேளுங்கள். பன்னிரண்டாயிரத்து நானூற்று எழுபத்தொன்பது நாள் ஆகிறது. எஞ்சினியர் விதிப்படி நிமிடத்துக்கு எழுபத்திரண்டு என்று போட்டால் நூற்று இருபத்தொன்பது கோடியே முப்பத்தெட்டு லட்சத்து இருபத்திரண்டாயிரத்து எழுநூற்று இருபது. பத்து லட்சம் எங்கே, இது எங்கே. வேறு எதுவும் இவ்வளவு தூரம் ஓடி நான் கேட்டதில்லை. ஆனால் இது நான் கண்ணால் பார்த்து எண்ணியது இல்லை. கணக்குப்படிதான். அதனால் தாளிலும் 'எண்ணி முடிக்கப்படாதது' என்று அடியில் ஒரு வரி இப்போது சேர்த்துவிடுகிறேன். இல்லாவிட்டால் பொய்யாகிவிடும்.

"என்னையத் தண்ணித் தொட்டின்னு நெனச்சீங்களா?" என்று கேட்கிறீர்கள். நினைக்கவில்லை அம்மா. தொட்டியில் ஓடியதற்குத் தனிப் பக்கம், உங்களுக்குத் தனிப் பக்கம்.

பயந்துகொண்டே படுத்த ராத்திரி எத்தனை என்று எழுதியிருக்கிறேனா என்கிறீர்கள். இல்லை. அது எழுதவில்லை.

பேனா இதோ இருக்கிறது. மை வரும், காலையில் எழுதிப் பார்த்தேன்.

வேண்டாமா. முதலில் தாளை வாங்கிப் படித்தீர்களே, அப்போது உங்கள் முகம் நன்றாக இருந்தது. கையெழுத்துப் போடுவீர்கள் என்றே நினைத்தேன். கடைசியில் அந்தச் சிவப்பு மையைச் சொல்லியிருக்கக்கூடாதோ என்று இப்போது நீங்கள் தாளை மடிக்கிறதைப் பார்த்தால் தோன்றுகிறது. ஆனால் எண்ணிக்கை அதுதான் அம்மா. ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். அதை நான் எப்படிக் கூட்டிச் சொல்வேன்? எஞ்சினியர் என்றால் வேறு மாதிரி பேசியிருப்பார். உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டிருப்பார், எப்படி இருக்கே என்று. எனக்கு அது வராது. அவருக்குக் குழந்தை மாதிரி அந்த நாற்பத்தொன்றும். 'வெற்றி பெறவில்லை' என்று எழுதி அவர் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்கள் அம்மா. நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து படிப்பார்கள்.

எழுந்துகொள்கிறேன். கதவை நானே சாத்திக்கொள்கிறேன், நீங்கள் படியிறங்க வேண்டாம். உங்களுக்கு நூற்று நான்கு ஓடுகிறது, அது நல்லதில்லை, கொஞ்சம் படுங்கள். தாராபுரம் பஸ் இரண்டு நாற்பதுக்கு. முத்துவேலப்பனுக்கு எண்பத்தொன்று, கடிதத்துக்கு மருமகள்தான் பதில் எழுதியிருந்தாள், பேச்சு சரியாக இல்லை என்று.

ஒரு நிமிடம், நின்றபடியே எழுதிக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போனது நாற்பத்தொன்று. முகவரி இல்லாதவை ஒன்பது. இறந்தவர்கள், தெய்வசிகாமணியோடு இருபத்தேழு. மாற்றிக்கொண்டவர்கள் இரண்டு. சம்மதம் இல்லை, உங்களோடு இரண்டு. மீதி ஒன்று.